நூற்றைந்து மாத்திரை

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழை கூரைகளின் விளிம்புகளில் இன்னும் சொட்டுச் சொட்டாய் உதிர்ந்துகொண்டிருக்க, முகிற்படலத்தை விலக்கிக்கொண்டு எழுந்த காலைக் கதிரவன் ஆற்றின் இருகரையிலும் அடுக்கடுக்காய் நின்ற மாடங்களின் சாளரங்களுக்கெல்லாம் ஒரே நொடியில் பொன்பூச, நனைந்த கருங்கல் தெருக்கள் வானத்தையே தம்மேல் விரித்துக்கொண்டாற்போல மின்ன, வேலைக்கு விரைவோரின் குடைகள் ஒவ்வொன்றாய் மடங்க, பாலத்தின்மேல் ஊர்ந்த மின்வண்டியின் நெடிய ஓசை நீர்ப்பரப்பில் படர்ந்து தேய, அப்பெருநகரம் கண்விழித்தது. கலைநலம் கனிந்த வாசகரே, ஆறு வில்லாய் வளையும் இடத்தில், செப்புத் தகடு வேய்ந்து காலத்தால் பச்சையேறிய குவிமாடத்தோடு நிமிர்ந்து நின்ற இசையரங்கத்தினுள் நாமும் நுழைவோம். வாயிற்காவலரின் தலையசைப்பைக் கடந்து, பித்தளைக் கைப்பிடி பளபளக்கும் படிகளில் ஏறி, மெத்தையிட்ட இருக்கைகள் ஆளின்றி வரிசை வரிசையாய்க் காத்துக் கிடக்கும் கூடத்தைத் தாண்டினால், மேடைமேல் ஒரு பல்லியக் குழு தன் கருவிகளை ஒன்றோடொன்று இசையக் கூட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். வில்லால் நரம்பை வருடுவோர், குழலூதுவோர், கொம்பூதுவோர், தோற்கருவி முழக்குவோர் என எழுபதின்மர். எழுபது கருவியும் ஒருங்கே முனகும்போது எழுகின்ற அந்தக் கலவையொலி, திருத்தமுற்ற இசையைக் காட்டிலும் சிலர்க்கு இனிது. விடியுமுன் காட்டில் கிளம்பும் பறவைக் குரல்களைப் போல, வரப்போகும் ஒரு நாளின் நம்பிக்கை முழுதும் அதில் அடங்கியிருக்கிறது.

அந்த எழுபதின்மர்க்கும் நடுவே, நாற்காலிகளை விலக்கி இடப்பட்ட தாழ்ந்த பலகையொன்றில் சம்மணமிட்டு, மடிமேல் ஒரு மிருதங்கத்தைக் கிடத்தி அமர்ந்திருந்தாள் நாற்பத்தெட்டு அகவை நிரம்பிய ஒரு பெண். பெற்றோர் அவளுக்கு இட்ட பெயர் வேறு. முழவே வாழ்வாகிப்போன அவளை நாம் முழவாட்டி என்றே அழைப்போம். ஏழு அகவையில் தோலைத் தொட்ட அவள் விரல்கள், இருபதில் மேலைநாட்டு இசைக்குறிகளை எழுதும் கோலையும் பற்றின. ஒரு கையில் தாளமும் மறு கையில் தாளும் ஏந்தி, இரண்டு கடல்கள் தம்முள் முட்டி நுரைக்கும் முனையில் நிற்பவளைப் போல, எந்த அலை எந்தக் கடலுக்கு உரியது என்று பிரிக்கவொண்ணாத இசையை அவள் ஆண்டாண்டாய் யாத்து வந்தாள். சிறு சிறு குழுக்களுக்கு எழுதியவை பல. ஒரு பெரும் பல்லியத்துக்கென்று அவள் எழுதிய முதற்படைப்பு இதுவே. நான்கு ஆண்டுகள் அதன்மேல் கழிந்திருந்தன.

அப்படைப்பின் மூன்றாம் பகுதியின் இறுதியில் ஓர் அரிய கூடல் இருந்தது. குழலும் கொம்பும் மும்மூன்று மாத்திரையாக நடக்கும். அடித்தொண்டையில் முழங்கும் பெரிய நரம்புக் கருவிகள் ஐயைந்தாக நடக்கும். மிருதங்கம் ஏழேழாக நடக்கும். ஒன்றையொன்று முந்தியும் பிந்தியும், மோதுவது போல நெருங்கியும் விலகியும் செல்கிற இம்மூன்று நடைகளும், நூற்றைந்து மாத்திரை கழிந்தபின்தான் மீண்டும் ஒரே அடியில் வந்து சேரும். அதுவரை எண்ணித் தப்பாமல் வழிகாட்டும் விளக்கு மிருதங்கம் ஒன்றுதான். அக்கூடலுக்குச் சற்று முன்பு, எழுதுதாளில் ஒரு குறியும் இல்லாத வெண்ணிறப் பரப்பு ஒன்று இருந்தது. எட்டெட்டாய்ச் செல்லும் தாளம் பதினாறு முறை சுற்றிவரும் ஒன்றரை மணித்துளிப் பொழுது அது. பல்லியம் முழுதும் வாய்மூடிக் கிடக்க, முழவாட்டி தனியளாய், அப்போதைக்கு அப்போது உள்ளத்தில் ஊறுவதை விரல்வழி வார்க்க வேண்டிய இடம்.

அன்றைய ஒத்திகையில் அவள் வாசிக்க வாசிக்க, எழுபதின்மரும் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டு ஆற்றைக் கடப்பவர் போலக் கடந்து கரையேறினர். கோலசைத்துப் பல்லியத்தை நடத்தும் இயக்குநர், நரைத்த புருவமும் குறைந்த சொல்லும் உடையவர், கோலைத் தாழ்த்திவிட்டு நெடுநேரம் எழுதுதாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாயிருக்கு. ஆனா மொத்தப் பாலமும் ஒரே தூண்ல நிக்குது,” என்றார். “உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா என்ன பண்றது?”

“எனக்குக் காய்ச்சல் வராது.”

“எல்லாருக்கும் வரும்.”

“வந்தாலும் வாசிப்பேன். என் கை இல்லாம இது ஒலிக்காது சார். அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் செருக்கு இருந்தது என்று கூறினால் அது முற்றும் பொய்யாகாது. தன் படைப்புகளில் ஒன்றையேனும் பிறர் கையில் கொடுத்து அவள் கேட்டதில்லை. தன் இசை தன் மணிக்கட்டிலிருந்து தொடங்கித் தன் விரல்நுனியில் முடிகிறது என்றே அவள் நம்பியிருந்தாள்.

நண்பகலில் ஒத்திகை கலைந்தது. அரங்கின் பின்வாயிற் படிகளில் மழைநீர் இன்னும் காயாமல் இருந்தது. மிருதங்கப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிய முழவாட்டியின் கால், மூன்றாம் படியில் வழுக்கியது. கீழே விழும் அந்தக் கண்ணிமைப்பொழுதில் இரண்டு வழிகள் அவள்முன் இருந்தன: கருவியை விட்டுவிட்டுக் கையால் கைப்பிடியைப் பற்றுதல், கையை விட்டுவிட்டுக் கருவியைக் காத்தல். எண்ணிப் பார்க்க நேரமில்லாத அவ்விடத்தில் நாற்பதாண்டுப் பழக்கம் அவளுக்காக எண்ணியது. மிருதங்கம் அவள் மார்பின்மேல் கிடந்தது, ஒரு கீறலும் இன்றி. அவளுடைய வலக்கை அவளுக்கு அடியில் கிடந்தது.

“ஆறு வாரம் இந்தக் கையை மறந்துடுங்க,” என்றார் எலும்பு மருத்துவர், ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபடி.

“ஒன்பது நாள்ல கச்சேரி இருக்கு.”

“அது எலும்புக்குத் தெரியாதுங்களே,” என்றார் அவர், இரக்கம் இல்லாமல் அன்று, வேறு சொல் இல்லாமல்.

வெள்ளை மாவுக்கட்டோடு அவள் வீடு திரும்பினாள். மூன்றாம் மாடியில், இரண்டு அறையும் ஓர் அடுக்களையும் கொண்ட வீடு அது. அடுக்களையின் ஓடு பதித்த சுவர்கள் ஒலியைக் கூராக்கித் தருவதால் முழவாட்டி பயிலுமிடம் எந்நாளும் அடுக்களையே. அவள் அங்கே அமர்ந்துவிட்டால் அடுப்பில் எது இருந்தாலும் அது தன் விதிப்படி ஆகும். அவள் கணவன் அதே பல்லியத்தில் வயோலா வாசிப்பவன். வயலினுக்கு அண்ணனாகவும் பெரிய நரம்புக் கருவிகளுக்குத் தம்பியாகவும் பிறந்து, அவர்கள் இருவரும் உரக்கப் பேசும்போது வாய்பொத்தி நிற்கும் நடுப்பிள்ளையைப் போன்றது வயோலா. அதனை வாசிப்பவனும் ஏறக்குறைய அப்படியே. எண்மர் கொண்ட வயோலா வரிசையில் ஏழாம் நாற்காலி அவனுடையது. வீட்டிலும் அவன், மனைவியின் முழக்கத்துக்கு இடையூறாகாமல், படுக்கையறையில் தொங்கும் துணிகளுக்கு நடுவே நின்று பயில்வான். பாலம் கட்டும் கலை பயிலும் மகள் ஒருத்தி உண்டு. இசை என்றால் காதைப் பொத்திக்கொள்வதாகச் சொல்லிக்கொள்பவள்.

“மிருதங்கத்துக்கு அடி ஒண்ணும் இல்லையே?” என்றாள் மகள், கதவைத் திறந்ததும். “அப்ப சரி. வீட்ல மூணு பேரும் நல்லாயிருக்கோம், நாலாவது ஆள் கொஞ்சம் உடைஞ்சிருக்காங்க.” சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் நீர் ஓடியது. கழுவுவதற்கு அங்கே ஒரு குவளைகூட இல்லை என்பது முழவாட்டிக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு நாளும் தொலைபேசியிலேயே கழிந்தன. இப்படைப்பை வாசிக்கவல்ல முழவர் இருவரே. ஒருவர் கடல்கடந்து போயிருந்தார். மற்றவர் எழுதுதாளைப் புரட்டிவிட்டு மூன்று திங்கள் கேட்டார். மூன்றாம் நாள் மாலை இயக்குநரே படியேறி வந்தார். மூச்சு வாங்கியபடி அமர்ந்து, கொடுத்த நீரைக் குடித்து, குவளையை மிகவும் மெல்ல மேசைமேல் வைத்தார். அந்த மென்மையிலிருந்தே அவர் கொண்டுவந்த செய்தியை அவள் அறிந்துகொண்டாள்.

“வேற பாட்டு ஒண்ண வெச்சிடலாம்னு பேசிக்கிறாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பழசு. நாளைக்குக் காலைல நான் பதில் சொல்லணும்.”

“அடுத்த வருஷம்?”

“அடுத்த வருஷத்தைப் பத்தி நான் பொய் சொல்ல விரும்பலை.”

அவர் போனபின் அவள் சாய்வு நாற்காலியில் கிடந்து, கூரையைப் பார்த்தபடி, “நூத்தஞ்சு மாத்திரை, யார் எண்ணுவா,” என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

“டாக்டர் அஞ்சுதாம்மா குடுத்திருக்காரு,” என்றாள் மகள், மருந்துச் சீட்டைத் திருப்பிப் பார்த்து. “நூறு எங்கேருந்து வந்துச்சு?”

மூன்று நாளில் முதன்முறையாக முழவாட்டி சிரித்தாள். சிரிப்பின் பாதியிலேயே அது வேறொன்றாக மாறிற்று.

மறுநாட் காலை, வானம் வெளுத்துக் கிடந்தது. இயக்குநர் பதில் சொல்ல வேண்டிய வேளைக்கு இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. வலியால் கண்ணயராத முழவாட்டி, மேல்மாடத்துக்குப் போகும் கதவருகே வந்து நின்றாள். அங்கே அவள் கணவன், ஒரு வாளி நிறைய ஈரத்துணியை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாய் உதறிக் கொடியில் போட்டுக் கவ்வி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வாயில் இரண்டு கவ்விகள் இருந்தன. அக்கவ்விகளுக்கு இடையே, பல்லிடுக்கில் காற்று நுழைவது போல, ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது.

“தகதிமி தகிட, தகதிமி தகிட…”

முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கணவன்மார் துணி காயப்போடும்போது எதையேனும் முணுமுணுப்பது உலக வழக்கு. ஆனால் ஏழும் ஏழுமாக அச்சொற்கட்டு அடுக்கிச் செல்லச் செல்ல, ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு சுற்றின் முதலடியில் கொடியேறுவதைக் கண்டாள். நான்காம் சுற்றில் வரும் நெளிவும், ஏழாம் சுற்றில் இடப்பக்கத்துத் தொப்பித்தோல் தரும் ஆழ்ந்த முழக்கமும், அவன் நாவில் பிசகாமல் உருவாவதைக் கேட்டாள். காதில் விழுவது தன் கூடலே என்று உணர்ந்தாள். பதினைந்தாம் சுற்று முடிந்து, கடைசிச் சட்டை கொடியேறியது.

“பதினொண்ணாவது சுத்துல ஏன் இழுக்குறீங்க?” என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கவ்வி ஒன்று தெருவில் விழுந்தது. “நீ அங்க இழுப்ப.”

“நானா? நான் இழுத்ததே இல்ல.”

“நாலு வருஷமா இழுக்குற. மயிரிழை அளவுதான். மூச்சு வாங்குறியோ என்னவோ. அது நல்லாத்தான் இருக்கு, அதான் நானும் அப்படியே சொல்றேன்.”

அவள் கதவுநிலையைப் பற்றிக்கொண்டாள். “மூணாம் பகுதி முழுக்கத் தெரியுமா?”

“மூணு பகுதியும் தெரியும். நீ வேணாம்னு கிழிச்சுப் போட்டதும் தெரியும். போன மழைக்காலத்துல ஒண்ணு வாசிச்சியே, ஒன்பது ஒன்பதா. அதை ஏன் தூக்கிப் போட்டேன்னுதான் எனக்கு இன்னும் புரியல.”

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையேம்மா,” என்றான் அவன், குற்றம் சாட்டும் குறிப்பு ஒரு சிறிதும் இன்றி, மழை பெய்ததா என்று கேட்டவர்க்கு மறுமொழி சொல்வது போல.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருந்தும், தன் இசையைப் பற்றி அவனிடம் ஒரு வினாவேனும் தான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அடுக்களைச் சுவர்கள் மட்டுமே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தன என்று எண்ணியிருந்தவளுக்கு, அச்சுவருக்கு அப்பால், தொங்கும் துணிகளுக்கு நடுவே, வில்லைத் தாழ்த்திவிட்டு ஒருவன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்பது, வறண்டதென நினைத்த நிலத்தின்கீழ் ஓர் ஆறு ஓடுவதை அறிந்தது போலிருந்தது. நாணமும் வியப்பும் அவளுள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழுந்தன. ஆனால் அவள் இயல்பு நாணத்தில் நெடிது நிற்பதன்று.

“நீங்க இதை மேடைல சொல்லணும். கையால வேணாம், வாயால போதும்.”

அவன் கவிழ்த்த வாளியின்மேல் மெல்ல அமர்ந்தான். “என்னாலயா? நான் வயோலாக்காரன். யாருக்கும் தனியாக் கேக்காம வாசிக்கிறதுதான் எங்க வேலையே.”

“நான் சாருக்குப் போன் பண்றேன்.”

“பண்ணாதேன்னா கேக்கவா போற,” என்றான் அவன்.

அன்று முற்பகலே ஒத்திகை கூடிற்று. முழவாட்டி அமர்ந்திருந்த தாழ்பலகையில் அவள் கணவன் அமர்ந்தான். நாற்காலிக்குப் பழகிய முழங்கால்கள் மடங்க மறுத்தன. இயக்குநர் கோலை உயர்த்தினார். சொற்கட்டு பிழையின்றி வந்தது; ஆனால் அது எழுபது கருவிகளின் முன்னே, பேரருவியின் அடியில் பிடித்த அகல்விளக்கைப் போல, தோன்றிய இடத்திலேயே அவிந்தது. ஐம்பதாம் மாத்திரையில் கொம்புகள் வழி தவறின; எழுபதில் எல்லாரும் தவறினர்.

“வாய் அசையுது, அது தெரியுது,” என்றார் பின்வரிசையில் நின்ற குடமுழாக்காரர், இடிபோன்ற குரலும் குழந்தை போன்ற உள்ளமும் உடைய பெருத்த மனிதர். “சத்தம்தான் இந்தப் பக்கம் வரமாட்டேங்குது.”

கணவன் தலை கவிழ்ந்தான். முழவாட்டி கூடத்தின் முதல் வரிசையில், நல்ல கையால் கட்டுப்போட்ட கையைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். இயக்குநரின் முகத்தில் நேற்றைய மென்மை மீண்டும் படரத் தொடங்கியது. அவ்வேளையில் வயோலா வரிசையின் தலைவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

“நாங்களும் சேர்ந்து சொல்லட்டுமா? எட்டுப் பேரும்?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் இயக்குநர்.

“எங்களுக்கு ஓய்வு வர்றப்பல்லாம் இவர் பக்கத்துல உக்காந்து இதைத்தானே முணுமுணுக்கிறாரு. ஒரு வருஷமாச்சு. எனக்குப் பாதி தெரியும். ஆறாவது நாற்காலிக்கு முழுசாவே தெரியும், பாவம், அவருக்கு வேற வழி இல்ல.”

ஆறாம் நாற்காலிக்காரர் ஆமென்று தலையசைத்தார்.

“அப்ப வயோலா வரியை யார் வாசிக்கிறது?” என்றார் இயக்குநர்.

“வாசிக்கலன்னா யாராவது கண்டுபிடிப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?” என்றாள் தலைவி.

பல்லியம் முழுதும் சிரித்தது; இயக்குநரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது, மாற்றுப் பாட்டைப் பற்றிய பேச்சும் எவரும் சொல்லாமலே அடங்கிப் போயிருந்தது.

எஞ்சிய நாட்களில் அவர்கள் உழைத்த உழைப்பைச் சொற்களால் அளப்பது அரிது. எழுத்தைக் கண்ணால் உண்டு பழகிய எண்மர், தாளை மூடிவைத்துவிட்டு நாவால் உண்ணப் பயின்றனர். முழவாட்டி அவர்கள் நடுவே நின்று, இடக்கையால் காற்றில் தாளம் போட்டு, ஒவ்வொரு சொல்லும் வலப்பக்கத் தோலான வலந்தலையில் பிறப்பதா தொப்பியில் பிறப்பதா என்று குரலின் கனத்தால் காட்டினாள். ஓர் இடம் மட்டும் எஞ்சியது. எழுதப்படாத அந்த வெண்பரப்பு.

“அதைத் தாண்டிடுங்க,” என்றாள் அவள் இயக்குநரிடம். “அங்க என் கை இல்லன்னா ஒண்ணும் இல்ல.”

அவர் கரிக்கோலால் ஏதோ குறித்துக்கொண்டார். கடைசி ஒத்திகை நாளில் அவள் மருத்துவரிடம் போக நேர்ந்ததால் அங்கே இருக்கவில்லை.

அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு. மழை முற்றும் விட்டு, உயர்ந்த சாளரங்களின் வழியே மேலைவெயில் சாய்ந்து விழுந்து, ஆயிரத்து இருநூறு தலைகளின்மேல் மெல்லிய பொன்தூளை மிதக்கவிட்டிருந்தது. எட்டாம் வரிசையில் மகளோடு அமர்ந்திருந்தாள் முழவாட்டி. நாற்பதாண்டுக் காலத்தில், தன் இசை தொடங்கும்போது தன் மடியில் கருவி இல்லாமல் இருப்பது இதுவே முதன்முறை. மடி வெறுமையாய், பிள்ளையை எங்கோ விட்டுவந்தவளின் மடியைப் போலத் தவித்தது.

முதற்பகுதி கடந்தது, இரண்டாம் பகுதி கடந்தது. அவற்றுள் மிருதங்கத்துக்குரிய இடங்களில் எண்மரின் குரல் எழுந்தபோதெல்லாம் கூட்டத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. தோலும் விரலும் இன்றி, மாந்தர் வாயே முழவாகி நிற்கும் அந்த ஒலியில், அவள் தன் விரல்களுக்கு ஒருநாளும் வாய்க்காத ஒரு வெம்மையைக் கேட்டாள். மூன்றாம் பகுதி மலைச்சரிவில் ஏறும் தீயைப் போல ஏறி, உச்சியில் சட்டென்று நின்றது. வெண்பரப்பு வந்துவிட்டது. இப்போது தாண்டிவிடுவார்கள் என்று அவள் மூச்சைப் பிடித்துக் காத்தாள்.

அவர்கள் தாண்டவில்லை.

இயக்குநர் கோலைத் தாழ்த்தி, அதனை எழுதுதாளின்மேல் கிடத்தி, கைகட்டி நின்றார். தாழ்பலகையில் அமர்ந்திருந்த அவள் கணவன் வலக்கையைத் தொடைமேல் தட்டினான். அதே நொடியில் எழுபது கைகள் எழுபது தொடைகளின்மேல் தட்டின. ஒரு தட்டு, மூன்று விரலெண்ணிக்கை. ஒரு தட்டு, ஒரு திருப்பு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு திருப்பு. குழல்காரர் குழலை மடியில் கிடத்தி, கொம்புக்காரர் கொம்பை முழங்காலில் சாய்த்து, குடமுழாக்காரர் தம் பருத்த உள்ளங்கையைத் தாமே அஞ்சுவதுபோல் மெல்ல இறக்கி, எல்லாரும் எட்டை எண்ணிக்கொண்டிருந்தனர். ஒரு சொல் இல்லை. ஒரு நரம்பின் அதிர்வு இல்லை. எழுபது உள்ளங்கைகள் துணியின்மேல் படும் மெத்தென்ற ஓசை மட்டும், உறங்கும் பெருவிலங்கொன்றின் நெஞ்சத் துடிப்பைப் போல, ஒரு சீராய் அவையெங்கும் பரவிற்று.

“அம்மா, நின்னுடுச்சா?” என்றாள் மகள், தாழ்ந்த குரலில்.

“இல்லடி. நடக்குது.”

நடக்கத்தான் செய்தது. முதல் நான்கு சுற்று வரை அவையினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பின்வரிசையில் எவரோ இருமினர். ஐந்தாம் சுற்றில் இருமல் அடங்கியது. எட்டாம் சுற்றில் ஆயிரத்து இருநூறு பேரின் மூச்சும் அந்தத் தட்டின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. அதன்பின் நிகழ்ந்ததை அவள் எக்காலமும் எவர்க்கும் தெளிவாகச் சொல்ல இயன்றதில்லை. ஒலியில்லாத அவ்வெளியில் அவள் ஒரு முழவைக் கேட்டாள். அது அவள் வாசித்ததன்று; அவள் வாசிக்க வல்லதும் அன்று. வேகமும் தணிவும், சினமும் கனிவும் தாமே ஊறிப் பெருகி, அடிக்கும் கை எதுவும் இன்றி அது அரங்கை நிறைத்தது. பக்கத்து இருக்கையில் முன்பின் அறியாத முதியவர் ஒருவர் கண்மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார். அவள் தலையசைத்த இடத்தில் அவர் அசைக்கவில்லை. அவர் கேட்பது வேறொரு முழவு. அந்த அவையில் அத்தனை முழவுகள் அவ்வேளையில் முழங்கிக்கொண்டிருந்தன என்று அவள் அறிந்தாள்.

பதினாறாம் சுற்று நிறைந்தது. இயக்குநர் கோலை எடுத்தார். எண்மர் வாயிலிருந்தும் ஏழுகள் புறப்பட்டன. அடித்தொண்டைக் கருவிகள் ஐந்துகளாய் நடந்தன. குழல்கள் மூன்றுகளாய் ஓடின. பின்னிப் பிரிந்து, பிரிந்து பின்னி, கூடுமா கூடாதா என்று நெஞ்சம் பதைக்கப் பதைக்க அவை சென்றன. பதினொன்றாம் சுற்றில் எண்மரும் மயிரிழையளவு இழுத்தனர். தன் மார்பில் ஊறிய, தானே அறியாத ஒரு சிறு மூச்சு, எட்டுப் பேர் வாயில் ஒருங்கே நின்று கடந்ததைக் கேட்ட அவள், மாவுக்கட்டுக் கையை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். நூற்றைந்தும் தீர்ந்தது. குடமுழாவும் குழலும் நரம்பும் குரலும் ஒரே அடியில் விழுந்தன. குவிமாடம் அவ்வடியை ஏந்தி, நெடிது வைத்திருந்து, மெல்லவே விட்டது.

கைதட்டல் எழ நெடுநேரம் ஆயிற்று. எழுந்தபின் ஓயவும் நெடுநேரம் ஆயிற்று.

மேடைக்குப் பின்னுள்ள அறையில், வேர்வையில் நனைந்த சட்டையோடு இயக்குநர் அவளை எதிர்கொண்டார்.

“தாண்டச் சொன்னீங்க. என்னால முடியலம்மா. அது உங்க இடம். நிரப்ப எங்களுக்கு உரிமை இல்ல, தாண்டவும் உரிமை இல்ல. அதனால காவல் நின்னோம்.”

எதற்கும் எதிர்ச்சொல் வைத்திருக்கும் முழவாட்டி இடக்கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்து, அவர்முன் தலைதாழ்த்தினாள்.

வெளியே வந்தபோது ஆற்றின்மேல் அந்திச் செம்மை பரந்திருந்தது. மகள் முன்னே நடக்க, கணவனும் மனைவியும் பாலத்தின்மேல் மெல்ல நடந்தனர்.

“எப்படி இருந்துச்சு உங்களுக்கு?” என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் தன் இசை எப்படி இருந்தது என்று அவள் அவனிடம் கேட்டது அதுவே முதன்முறை.

“பயமா இருந்துச்சு. அப்புறம், அந்தச் சும்மா இருந்த இடத்துல, பயம் போயிடுச்சு. அது எங்க போச்சுன்னு தெரியல.” சில அடிகள் நடந்தபின், “உனக்கு?” என்றான்.

“எனக்கு இப்பதான் பயமா இருக்கு. நான் எழுதினது இவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றான் அவன்.

நல்ல நெஞ்சத்து வாசகரே, அவளது எலும்பு கூடிற்று. விரல்களின் பழைய விரைவு முற்றும் திரும்பவில்லை. அதன்பின் அப்படைப்பு எத்தனையோ அரங்குகளில், அவள் பார்த்தறியாத முழவர்களின் கைகளில் ஒலித்தது, சிலவற்றை அவள் போய்க் கேட்டாள், பலவற்றைக் கேட்கவில்லை. அதுபற்றி வினவியவர்களிடம் அவள் வருந்தியதாக எவரும் கூறக் கேட்டிலேம். கலைஞர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் முயன்று எழுப்பும் மாளிகைக்குள் தாம் ஒருவரே குடியிருப்பதாக எண்ணுகிறார். அதன் அறைகளில் அயலார் எத்தனை பேர் வந்து, விளக்கேற்றி, அமைதியாய் அமர்ந்து வாழ்ந்துகொண்டிருக்கின்றனர் என்பதை அவர் அறிவதில்லை. அறியும் பேறு சிலர்க்கே வாய்க்கிறது. வாய்த்தவர், தாம் கட்டிய வாயிலிலேயே விருந்தினர் போல நின்று, காலணியைக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் உள்ளே நுழைகின்றனர்.